போர்வை கட்டிய கம்ப்யூட்டருடன் ஒரு சனிக்கிழமை

பிள்ளைகளே, ஊட்டிக்கும் கன்னியாகுமரிக்கும் போய்வந்தவர்கள் எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். நான் எழுதப் போவது பீர்க்கன்கரணையிலிருந்து சிட்லபாக்கம் வரை போய்வந்த கதை. போக வர இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அந்தத் தூரம் போதுமான தூரமாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வீட்டைப் பூட்டினேன். கையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பெட்டி. திரை இல்லை, பெட்டி மட்டும். ஆறு கிலோ இருக்கும். பழைய போர்வையில் சுற்றி, நைலான் கயிறு போட்டு, தூக்குவதற்கு ஒரு பிடியும் முடிந்திருந்தேன். போர்வைக்கு உள்ளே பெட்டியின் பக்கவாட்டு மூடியில் காகித டேப் ஒட்டி, அதன் மேல் என் கையெழுத்தையும் போட்டிருந்தேன். ஏன் தெரியுமா? ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருக்கும் நல்ல பாகத்தை எடுத்துவிட்டு மட்டமானதைப் போட்டுவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

வியாழக்கிழமை இரவு அந்தப் பெட்டி நின்றுபோனது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், 'டீட், டீட்' என்று கத்தும், திரை கறுப்பாகவே இருக்கும். என் மகள் மலர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று மாதமாக அவள் போட்ட வரைபடங்கள் நாற்பத்தொன்று, அத்தனையும் அந்தப் பெட்டிக்குள். திங்கட்கிழமை காலை கல்லூரியில் கொடுக்க வேண்டும். வேறு இடத்தில் நகல் இல்லை. நகல் எடுத்து வைக்கப் பென் டிரைவ் கேட்டாள், அடுத்த மாதம் வாங்கலாம் என்று சொன்னவன் நான்தான். அதனால் இதைச் சரி செய்யாமல் வீடு திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

மலருக்கு அன்று ஒரு மணி வரை வகுப்பு. முந்தின நாள் மாலையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். 'ரேம் போயிருக்கலாம். யாரையும் ஃபார்மேட் பண்ண விடாதீங்க. சிட்லபாக்கம் ஷோபனா அக்கா பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பாங்க.' ஷோபனா அவளுடைய தோழியின் அம்மா. வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரி செய்கிறவர். பன்னிரண்டு மணி வரை ஏன் சும்மா இருக்க வேண்டும், அதற்குள் நானே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பம்மலில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது பத்தாவதுதான் என்றாலும் இருபத்திரண்டு வருடமாக இரும்பைக் கடைந்து பாகம் செய்கிறவன் நான். ஒரு பாகத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவது எனக்கு என்ன பெரிய வேலை?

ரேம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று உண்டு. அது பீரோ மாதிரி, எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கும். ரேம் என்பது மேசை. பீரோவிலிருந்து எடுத்ததை விரித்து வேலை பார்க்கும் இடம். பார்க்க ஒரு பச்சைப் பட்டை, நீளம் உங்கள் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை விடக் கொஞ்சம் சின்னது.

காலை 9.10. பெருங்களத்தூரில் முதல் கடை. கடைக்காரர் போர்வையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வெச்சிட்டுப் போங்க சார். ஃபார்மேட் போட்டு சாயங்காலம் தரேன்."

"ஃபார்மேட் போட்டா உள்ளே இருக்கறது போயிடுமே."

"போவும். புதுசா வேணா ஒண்ணு அசெம்பிள் பண்ணிக்கங்க. இருபத்தஞ்சாயிரத்துல முடிச்சுத் தரேன்."

மலர் எழுதிய தாளை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

9.35. ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோ. கட்டணம் இருபது ரூபாய், தூரம் நான்கு கிலோமீட்டர். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் அது, கிரைண்டரா?"

"கம்ப்யூட்டர்பா."

"அதுக்கு ஒரு சீட்டு காசு ஆவும்."

"மடியிலதான வெச்சிருக்கேன்."

"மடியில கீற குழந்தைக்கே டிக்கெட் வாங்கறாங்கோ. செரி வுடு, ரெண்டு பேரும் குந்துங்க."

பக்கத்திலிருந்த காய்கறிக்கார அம்மா சிரித்தார். இரும்புலியூர் வரை அவர் கீரைக்கட்டு என் பெட்டி மேல்தான் பயணம் செய்தது.

10.05. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது கடை. பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும் என்று பட்டறைக்கு வரும் ஒருவர் சொல்லியிருந்தார். ஓர் ஆள் நிற்கும் அகலம்தான் கடை. சுவர் முழுக்க வயர்கள், டப்பா டப்பாவாகத் திருகாணிகள். கடைக்காரருக்கு என் வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"ரேம் வேணும்," என்றேன்.

"இன்னா ரேம்? மூணா, நாலா?"

ரேமில் தலைமுறை உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மலருக்குப் போன் போட்டேன். வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை.

"பெட்டியப் பிரி சார். பாத்தா சொல்லிடப் போறேன்."

டேப்பும் கையெழுத்தும் என் கண் முன்னால் வந்தன. "அதெல்லாம் வேணாம். அளவு எடுத்துட்டு வந்திருக்கேன். நூத்தி முப்பத்து மூணு மில்லிமீட்டர்," என்று வெர்னியர் அளவுகோலை வெளியே எடுத்தேன். வெள்ளிக்கிழமை இரவே பழைய ரேமைக் கழற்றி அளந்து குறித்து வைத்திருந்தேன்.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அளவு குடுத்து வாங்க இது இன்னா பேன்ட்டா சார்?"

"நான் லேத் வேலை. அளவு சரியா இருந்தா சேரும்."

"செரி. நாலுதான் இப்போ நெறையப் போவுது. செகண்ட்ஸ்தான், எண்ணூறு ரூபா. டெஸ்ட் பண்ணதுதான். சேரலைன்னா இன்னைக்கே கொண்டா, மாத்தித் தரேன். ஆனா ஒரு கீறல் இருக்கக் கூடாது."

அளந்து பார்த்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. எண்ணூறைக் கொடுத்துவிட்டு, ஜெயித்தவன் மாதிரி நடந்தேன்.

10.50. தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். அடுத்த நிலையமான சானடோரியத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். இரண்டரை கிலோமீட்டர்கூட இருக்காது. நான் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி நிமிர்வதற்குள் நிலையம் வந்துவிட்டது. பன்னிரண்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நடைமேடையில் நிழலான ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கயிறை அவிழ்த்து, என் கையெழுத்தை நானே கிழித்தேன்.

பழைய ரேம் கழன்று வந்தது. புதியதை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. திருப்பி வைத்தேன், அப்போதும் இறங்கவில்லை. பட்டையின் அடியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது உட்காரும் இடத்தில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது, நீளம் ஒன்றுதான். வெட்டு மட்டும் இடம் மாறியிருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. என் பையில் எப்போதும் ஒரு சின்ன அரம் இருக்கும். பட்டறையில் ஒரு ஷாஃப்டில் சாவிக்கட்டை உட்காரும் வெட்டு இடம் மாறியிருந்தால் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவோம். இதிலும் ஒரு வெட்டுப் போட்டால் என்ன என்று அரத்தை எடுத்தேன். விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பச்சைத் தூள் விரலில் ஒட்டியது.

இரண்டாவது இழுப்புக்குக் கையைத் தூக்கும்போது போன் அடித்தது. மலர்தான், வகுப்புக்கு நடுவில் இடைவேளை.

"அப்பா, கூப்பிட்டிருந்தீங்களே. என்ன பண்றீங்க?"

சொன்னேன்.

"அப்பா, அரத்தைப் பைக்குள்ள வைங்க. வெச்சிட்டீங்களா?"

"வெச்சிட்டேன்."

"அந்த வெட்டு வேற இடத்துல இருக்கறதே தப்பான ரேமை யாரும் போட்டுடக் கூடாதுன்னுதான். நீங்க வெட்டிப் போட்டு ஆன் பண்ணியிருந்தா போர்டே போயிருக்கும்பா."

அவள் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. பெட்டியை மறுபடியும் போர்வைக்குள் கட்டினேன். இந்த முறை டேப் ஒட்டவில்லை, ஒட்ட டேப்பும் இல்லை.

பகல் 12.10. நிலையத்தின் கிழக்குப் பக்கமாக இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன். இரண்டு இடத்தில் பெட்டியை இறக்கிக் கை மாற்றினேன். ஏரிக்கரைக்கு ஒரு தெரு முன்னால் ஷோபனா வீடு. அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. மலர் போன் பண்ணா. வெயில்ல நடந்தா வந்தீங்க? முதல்ல தண்ணி குடிங்க."

கூடத்து மேசையில் பெட்டியைப் படுக்க வைத்துத் திறந்தார். பழைய ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். பாதி ரிப்பேர் இந்த இரண்டு ரூபாய் ரப்பரிலேயே சரியாகிவிடுமாம். தன் திரையை இணைத்து, பிளக்கைக் குத்திப் பொத்தானை அழுத்தினார். டீட், டீட். ரேம் உட்காரும் பக்கத்துப் பள்ளத்தில் மாற்றிப் போட்டார். அங்கும் டீட், டீட்.

"அக்கா, டிராயிங் எல்லாம் போயிடுச்சாம்மா?" என்று கேட்டேன். அக்கா, அம்மா இரண்டும் ஒன்றாக வந்துவிட்டது, அவர் என்னைவிடச் சின்னவர்.

"ரேம் போனா டிராயிங் போகாதுண்ணா. டிஸ்க் வேற, ரேம் வேற. இருங்க." அலமாரியிலிருந்து தன்னுடைய சோதனை ரேம் ஒன்றை எடுத்துப் போட்டார். பொத்தானை அழுத்தினார்.

சத்தம் வரவில்லை. திரையில் முதலில் ஒரு வெளிச்சம். பிறகு மலர் வைத்திருக்கும் மயில் படம். 'மலர் டிராயிங்' என்ற ஃபோல்டரைத் திறந்து அவர் எண்ணச் சொன்னார். எண்ணினேன். நாற்பத்தொன்று.

அவர் நேரத்தை வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் முதலில் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். அதற்கப்புறம்தான் பேசினார்.

"இது மூணாவது தலைமுறை. நாலு ஜிபி போதும், பழசே வாங்குங்க. புதுக் கம்ப்யூட்டர்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மலர் படிப்பு முடியற வரைக்கும் இது ஓடும். காசு சேர்ந்தா டிஸ்க்கை மட்டும் எஸ்.எஸ்.டி.யா மாத்துங்க, வேகம் வரும். தரையில வைக்காதீங்க, ஈரம் ஏறும். மாசம் ஒரு தடவை தூசி தட்டுங்க." பிறகு நான் வாங்கி வந்த ரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த ஓரத்துல என்னண்ணா, எலி கடிச்சுதா?"

"நான்தான்மா. அரம்."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். வேலைக்கும் பென் டிரைவுக்கும் சேர்த்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு, தன்னுடைய ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு சோதனை ரேம்தான் வைத்திருக்கிறாராம், அது இல்லாமல் அவருக்கு வேலை நடக்காது.

2.05. மறுபடியும் மேற்குத் தாம்பரம். கடைக்காரர் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். கீறல் இருக்கும் பக்கத்தை உள்ளங்கையில் மறைத்துக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. உங்களுக்கு எழுதுகிறேன் என்பதற்காக இதையும் விடக் கூடாது. கீறலை மேலே காட்டி மேசையில் வைத்தேன்.

"சேரலை. அதோட நான் அரம் போட்டுட்டேன்."

அவர் அதை எடுத்து, கண்ணாடியை இறக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன். ரேமுக்கு அரம் போட்ட மொத ஆளு நீதான் சார்." சோதனைப் பலகையில் குத்திப் பார்த்தார். ஓடியது. "உன் நேரம், ஓரத்தோட நின்னுச்சு. இன்னும் ஒரு நூல் உள்ள போயிருந்தா குப்பைதான். நூறு ரூபா புடிச்சுக்கறேன். மூணுல நாலு ஜிபி, நானூத்தி அம்பது. மீதி இருநூத்தி அம்பது இந்தா."

நான் வாங்கிக்கொண்டேன். பிறகு கயிறை அவிழ்த்துப் போர்வையை விலக்கி, பெட்டியை அவர் மேசை மேல் ஏற்றினேன். "நீங்களே போட்டுக் குடுங்க," என்றேன்.

"காலைல இதத்தான சார் சொன்னேன். பொட்டியத் தொறந்து காட்டியிருந்தா ரெண்டு நிமிசம்."

உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான் ஆனது. அவர் வேறு எதையும் தொடவில்லை. உள்ளே படிந்திருந்த தூசியை ஊதிவிட்டார், அவ்வளவுதான். போட்டுவிட்டதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை.

3.30. வீடு. மலர் எனக்கு முன்னால் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நான் மூடி வைத்துப் போன தட்டு அப்படியே இருந்ததைப் பார்த்து, அவள் மதியம் சாப்பிடவில்லை என்று தெரிந்துகொண்டேன். வயர்களைச் செருகி அவளையே பொத்தானை அழுத்தச் சொன்னேன். மயில் வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நாற்பத்திரண்டாவது படத்தைத் தொடங்கினாள். கடைசிப் படம் அதுதான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போனாள், நான் பம்மலுக்குப் போனேன். பத்து மணிக்குப் பட்டறைக்கு ஒருவர் வந்தார். தண்ணீர் மோட்டாரின் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டதாம். கையில் ஒரு சீட்டு, அதில் பேனாவால் எழுதிய அளவு. மோட்டாரைக் கொண்டுவரவில்லை. ஏன் என்றால், "கழட்டிக் குடுத்தா உள்ள இருக்கற செம்புக் கம்பிய மாத்திடுவாங்கன்னு சொன்னாங்க," என்றார், என் முகத்துக்கு நேராக.

இருபத்திரண்டு வருடமாக இப்படிப்பட்ட ஆட்களைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். அளவை மட்டும் வைத்து வேலை செய்ய முடியாது, பொருளைக் கொண்டுவா என்று கத்தியிருக்கிறேன். தாம்பரம் கடைக்காரர் என்னிடம் அப்படிக் கத்தவில்லை.

ஒரு ஸ்டூலை எடுத்து லேத்துக்குப் பக்கத்தில், வேலை நன்றாகத் தெரியும் இடத்தில் போட்டேன்.

"மோட்டாரைக் கொண்டு வாங்க சார். இங்கே உக்காந்து பாருங்க. உங்க கண் முன்னாலேயே கழட்டறேன்," என்றேன்.

அரை மணி நேரத்தில் வந்தார். மோட்டாரைப் போர்வையில் சுற்றிக் கட்டியிருந்தார்.