மிளகளவு அபினி

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல்களைப் புரட்டிப் போடுவது என்னைவிட மூத்த ஒருவரின் வேலை. அவர் கைகள் முழங்கை வரை வெந்து வெளுத்திருக்கும். தொட்டியில் கை வைக்குமுன் மிளகளவு அபினியை நாக்கின்கீழ் அடக்கிக்கொள்வார். அப்புறம் கண் பாதி மூடியே கிடக்கும்.

“இன்னா அண்ணே, எரியலயா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எரியுது தம்பி. ஆனா வேற யாருக்கோ எரியற மாரி கீது.”

மகனைப் புதைத்த மறுநாளும் வேலைக்கு வந்தார். அன்று கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

“இன்னிக்கு அபினி போடலயா அண்ணே?”

“போடல. போடாம இருந்தா அழுகை வரும்னு பாத்தேன். வரல தம்பி. கைதான் எரியுது.”

எல்லாரும் கஞ்சி குடிக்கப் போன பிறகும் அவர் கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை.