கோர்ட்டு சொன்ன குறை

எனக்கு எண்பத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தேன். வக்கீல் வீட்டு மேசையில் இருந்த அந்த ஊதா மைத்தட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கணவர் இறந்தபின், கறம்பக்குடிப் பக்கம் அவருடைய அண்ணன் வீட்டில் அடைந்து கிடந்தேன். கிணற்று நிலத்தில் பிள்ளைகளின் பங்கை அவர் பிரித்துத் தரவில்லை; விற்கவும் ஆள் பார்த்தார். அதற்காகத்தான் புதுக்கோட்டையில் வழக்குப் போடப் போனேன்.

வக்கீல் குமாஸ்தா முதல் காகிதத்தில் என் இடது கைப் பெருவிரலைத் தாமே பிடித்து உருட்டினார். அடுத்த காகிதத்தை வைத்த நேரம் வக்கீல் கூப்பிட, உள்ளே போய்விட்டார். பிள்ளைகளுக்கு நிலம் கேட்கிற காகிதம். அதில் பீச்சாங்கையை வைப்பதா? வலது கைப் பெருவிரலை மரியாதையாக வைத்தேன்.

பத்து நாளில் கோர்ட்டிலிருந்து காகிதம் திரும்பி வந்துவிட்டது. ரேகை இரண்டும் ஒத்துப்போகவில்லை, குறை இருக்கிறது, ஏழு நாளில் சரிசெய்யாவிட்டால் வழக்கு நிற்காது என்று குமாஸ்தா ஆள் அனுப்பினார். கணவரின் அண்ணனுக்கும் அது எட்டியது. களத்தில் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

“தாலியில்லாதவள நாஞ் சொன்னாத் தப்பு. இப்பக் கோர்ட்டே கொறைன்னு எழுதிருச்சே, ஆத்தா!”

அன்று முதல் என் கடைசிப் பிள்ளையைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். “பஸ்ஸு ஏறணுமா, தாராளமாப் போங்க. புள்ள இங்கிட்டு இருக்கட்டும்.” அவனை விட்டுப் போகமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஐந்து நாள் அடுப்படிக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். ஆறாம் நாள், அவன் அழுதுகொண்டு பின்னால் ஓடிவர, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

குமாஸ்தாவிடம் வலது கையை வைத்த காரணத்தைச் சொல்லிவிட்டு, “எங்கிட்ட என்னங்க கொறை?” என்றுதான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒங்ககிட்ட ஒண்ணுமில்லம்மா. கோர்ட்டுல கொறைன்னா குத்தம் இல்ல. காகிதத்துல இருக்க வேண்டிய ஒண்ணு இல்ல, அம்புட்டுத்தான். அதக் கொடுத்தாத் தீந்துச்சு. நம்ம மரியாதையெல்லாம் அவுங்களுக்கு வேணாம், பீச்சாங்கைதான் வேணும்.”

கையை நீட்டினேன்.

காகிதத்தைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. தீர்ப்பு வர நான்கு வருடம்; அதுவரை அதே வீடு, அதே அடுப்படி. நிலம் பிள்ளைகளுக்கு வந்தது. ஆனால் பீச்சாங்கை ரேகை வைத்த அன்று சாயந்திரம் நான் திரும்பியபோது, கடைசிப் பிள்ளை என்னிடம் வரவில்லை. பெரியப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றான். அதை எதைக் கொடுத்துத் தீர்ப்பதென்று குமாஸ்தாவிடமும் கேட்க முடியவில்லை.

எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அந்தக் கடைசிப் பிள்ளையின் மகள்.

“வாசி தாயி, கேப்போம். ஒங்கப்பன் அழுததச் சின்னதாக்கி எழுதியிருந்தாத் திருத்து.”