அம்மா ஒட்டிய நாக்கு

போன ஞாயிறு செம்பூர் வீட்டுக் கதவைத் திறந்ததும் ஷூ பாலிஷ் நாற்றம். லீவு நாளில் யார் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். கத்துவது என் வழக்கம். மகள் கூடத்தில் பேப்பரைப் பரப்பி, போனில் ஓடும் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஒரு காகித முகமூடிக்கு ஷூ பாலிஷால் பழுப்பு நிறம் ஏற்றிக்கொண்டிருந்தாள். நீண்ட முகம், பாதி மூடிய கண், கத்தி மாதிரி மூக்கு.

"ஆப்பிரிக்கன் மாஸ்க் மம்மி. டோர்ல மாட்டப் போறேன். மஸ்த் இருக்குல்ல?"

மஸ்தாகத்தான், ஜோராகத்தான் இருந்தது. அந்த மூஞ்சியை எனக்கு முன்பே தெரியும்.

என் சின்ன வயதில், தாராவியில் எங்கள் சந்து முழுக்க இந்த வாசனைதான். பக்கத்தில் காதர் மாமாவின் தோல் பட்டறை. பெல்ட்டுக்கும் பர்ஸுக்கும் பாலிஷ் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் இட்லி ஆவி. இரண்டும் கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, விடுங்கள்.

ஏழாவது படிக்கும்போது டிராயிங் டீச்சர் ஒரு பழைய காலண்டர் தாளைப் போர்டில் குத்தினார். ஆப்பிரிக்க மர முகமூடி. "எவ்வளவு அழகு பாருங்க" என்றார். பின்னால் இருந்த ஒருத்தி என்னைக் காட்டி, "டீச்சர், இவளைத்தான் போட்டோ எடுத்திருக்காங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு நீளமான முகம். கழுதை என்பது பட்டப்பெயர். டீச்சர் சிரிக்கவில்லை. "அப்போ இவளும் அழகுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். என்னை அழகு என்று சொன்ன முதல் ஆள். பொய்யாகவே இருக்கட்டும். பள்ளிக் கண்காட்சியில் அந்த முகத்தை வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். சிரித்தவர்கள் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும்.

குடத்தைப் படுக்கப் போட்டு, எண்ணெய் தடவி, கிழித்த பேப்பரை மைதாப் பசையில் முக்கி அடுக்கடுக்காக ஒட்டினேன். நடுவில் கல்யாணப் பத்திரிகைகளை வைத்தேன். அந்த அட்டை உறுதி. "சாமி படம் போட்டதைக் கிழிச்சே, கையை முறிச்சிருவேன்" என்றாள் அம்மா. மூக்குக்கு ஊதுபத்தி டப்பா. முடிக்குச் சாக்கு நூல். நிறத்துக்குத்தான் காதர் மாமாவிடம் போனேன். "ரெண்டு கை தேய்ச்சு விடு புள்ள, தோலு மாதிரி மின்னும்" என்று மிச்சப் பாலிஷ் டப்பாவைக் கொடுத்தார். மின்னியது. தகரக் கூரைமேல் காய வைத்தேன்.

கண்காட்சி அன்று காலை கூரையில் முகமூடி இல்லை.

அதே காலையில்தான் அம்மாவின் கடை திறப்பு. அதுவரை இட்லியைத் தலையில் சுமந்து விற்றவள், சந்து முனையில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தாள். ஓடிப் போய்ப் பார்க்கிறேன், கடை நெற்றியில் என் முகமூடி தொங்குகிறது. கீழே எலுமிச்சம்பழம், மிளகாய். வாயிலிருந்து சிவப்புக் காகிதத்தில் ஒரு முழ நாக்கு.

"யாரு நாக்கு ஒட்டுனது?"

"நாந்தான். நாக்கு இல்லாத பூதம் எந்த ஊர்லட்டி இருக்கு?"

"அது பூதம் இல்லே! அது அழகு!"

"அழகுன்னுதானட்டி மாட்டுனேன். வாரவன் கண்ணு மொதல்ல அதுல விழணும்லா. சட்டியில விழுந்தா யாவாரம் வெளங்குமா?"

நான் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறிப் பிடுங்கினேன். நாக்கை இழுத்தேன், கீழுதடும் சேர்ந்து வந்துவிட்டது. இட்லிக்கு நின்றவர்கள் முன்னாலேயே ஓவென்று அழுதேன். அம்மா திட்டவில்லை. நாக்கு ஒட்டக் காய்ச்சிய பசைச் சட்டியிலிருந்து ஒரு கை வழித்து, பேப்பரைக் கசக்கி, புது உதடு பிடித்து வைத்தாள். என்னைவிட வேகமாகப் பாலிஷும் தடவினாள்.

"கடைக்குத் திருஷ்டியா நானே நிக்கேன். நீ ஓடு."

உதடு காயாமலே பள்ளிக்குப் போனது. சற்றுத் தடித்த உதடுதான். டீச்சர் பார்த்துவிட்டு, "வாய் நல்லா வந்திருக்கு" என்றார். வாசலுக்கு நேரே வைத்தார். அன்று என்னைக் காட்டிச் சொன்னவளும் வந்து பார்த்தாள். இந்தத் தடவை மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அது போதும் எனக்கு.

சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கடையில் மாட்டினேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் நாக்கு. இந்தத் தடவை நான் கத்தவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் மூக்கு விழும், கன்னம் ஊறும். அம்மா தன் போக்கில் ஒட்டுவாள். வருஷம் போகப் போக முகம் உருண்டது, மீசை முளைத்தது. கடைசியில் அதில் ஆப்பிரிக்காவும் இல்லை, நானும் இல்லை. அம்மாவின் திருநெல்வேலிப் பக்கத்துக் காவல் சாமி ஒன்று உட்கார்ந்திருந்தது. வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது. பிறகு சந்து முழுவதையும் இடித்தார்கள். காதர் மாமா உல்லாஸ்நகர் போனார். முகமூடி எந்த லாரியில் போனதோ.

அம்மா இப்போது தாணேயில் தம்பி வீட்டில். மகள் தன் முகமூடியைக் கதவில் மாட்டியதும் வீடியோ காலில் காட்டினேன்.

"நாக்கு எங்கட்டி?"

"வேண்டாங்குறா உன் பேத்தி."

அம்மா போனுக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எங்கள் மாடி நடை, மூடிய கதவுகள், அணையாத விளக்கு.

"அதுவும் சரிதான். அங்க கண்ணு போட யாருட்டி இருக்கா?"

போனைப் பிடித்தபடியே எதிர்க் கதவைப் பார்த்தேன். பெயர்ப் பலகை இருக்கிறது. அந்த ஆளின் முகம் நீளமா, உருண்டையா, எனக்குத் தெரியாது.