வரதராஜனின் ஓகனைட் கல்

நம் பெங்களூர் நிலவியல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கூடும்போது வாசிப்பதற்கு வரதராஜனைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதுவதென்றாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இருந்தவனின் பழக்கம். நீங்கள் கேட்ட அன்றே ஒரு தாளில் இப்படிக் குறித்தேன்:

1. செய்தி வந்தது.
2. கல்லைப் பார்ப்பதில் அவருடைய வழக்கம்.
3. ஓகனைட்: அதன் தன்மை, கிடைக்கும் இடம், அவரிடம் வந்த விதம்.
4. அந்தக் கல் விஷயத்தில் அவர் என்மேல் கொண்டிருந்த சந்தேகம்.
5. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

நான்காவதை உங்கள் முன் வைக்கலாமா என்று தயங்கினேன். அதை மறைத்துவிட்டு மற்றவற்றை எழுத மனம் வரவில்லை.

செய்தி சொன்னவர் நஞ்சப்பா. ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்த அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மகனுடைய எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டில் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். "சார், வரதராஜ் சார் ஹோக்பிட்ரு," என்றார் போனில், போய்விட்டார் என்று கன்னடத்தில். காபி குடித்துவிட்டுப் பேப்பரைக் கையில் எடுத்தாராம், அவ்வளவுதானாம். "எந்த வரதராஜ்?" என்று கேட்டேன்.

"நம்மகிட்ட எத்தன வரதராஜ் சார் இருந்தாங்க?" என்றார் நஞ்சப்பா.

ஓசூர் ரோட்டில் பஸ் நகர்ந்த விதத்தைச் சொல்லிப் பயனில்லை. மெஜஸ்டிக்கில் இறங்கி ஒக்கலிபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரத்தைத் தாண்டி உள்ளே போக எனக்குத் துணிவில்லை. அப்படியே திரும்பிவிட்டேன்.

கல்லைக் கையில் வாங்கினால் அவர் முதலில் ஒரு மூலையை எச்சிலால் ஈரமாக்குவார், நிறம் தெரிவதற்காக. அடுத்து வலதுகைக் கட்டைவிரலால் ஓர் இழுப்பு. எப்போதோ சுத்தியல் பட்டு நகம் தட்டையாகி, நுனி அகன்றுபோன விரல் அது. "கண்ணு ஏமாத்தும் சந்தானம், வெரலு ஏமாத்தாது," என்பார். நம் கணக்குப் பிரிவு நண்பர் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சமையல் மேடையையும் அப்படித்தான் இழுத்துப் பார்த்தார். "யாருங்க இத கிரானைட்டுன்னு வித்தது?" என்று கேட்டார். நண்பர் மனைவியின் முகம் வாடிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம், "நான் தேய்க்கணும்னு நெனைக்கல, வெரலு தானா போகுது," என்று வருந்திக்கொண்டே வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உறவில் ஒரு கல்யாணத்துக்காகப் புனே போனார். முகூர்த்தம் முடிந்த கையோடு ஊருக்கு வெளியே இருந்த ஜல்லிக் குவாரிக்கு ஆட்டோ பிடித்திருக்கிறார். திரும்பும்போது ரயிலில் இரவு முழுவதும் ஒரு செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தார். திங்கட்கிழமை அதை அலுவலகத்தில் திறந்தார். கறுத்த பாறையில் ஒரு கிண்ணம் போன்ற குழி. அதற்குள் எலுமிச்சை அளவில் மூன்று வெள்ளை உருண்டைகள், பஞ்சு போல.

"கல்யாண வீட்டுல லட்டு குடுக்கலையா சார்?" என்றார் நஞ்சப்பா.

"இதுவும் லட்டுதான்பா. திங்கக் கூடாது."

"கல்லுன்னா சொல்றீங்க? ஷேவிங் பிரஷ் மாதிரி இருக்கு."

ஓகனைட் என்பது கால்சியமும் சிலிக்காவும் தண்ணீரும் சேர்ந்த கனிமம். எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையானபோது உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ்கள் குழிகளாக நின்றுவிடுகின்றன. பிற்பாடு அவற்றில் வெந்நீர் ஊறி, கரைந்திருந்ததை இழை இழையாக விட்டுச் செல்கிறது. தக்காணத்துப் பாறையில், முக்கியமாகப் புனே, பம்பாய்ப் பக்கத்துக் குவாரிகளில், வெடி வைக்கும்போது சில சமயம் அகப்படும். பெங்களூர்ப் பாறை வேறு வகை, அதில் இதற்கு இடமில்லை. ஆனால் நம் மாநிலத்தின் வடக்கே அதே தக்காணப் பாறை இருக்கிறதே என்று பிஜாப்பூர்ப் பக்கம் கேம்ப் போகும்போதெல்லாம் அவர் புதுக் கிணறுகளை எட்டிப் பார்த்தார். கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

"புத்தகத்துல இதுக்குக் கடினம் நாலரையிலேர்ந்து அஞ்சுன்னு போட்டிருக்கு. நகத்தால கீற முடியாது. ஆனா வெரல் பட்டா போச்சு," என்றார். உண்மைதான். ஒவ்வோர் இழையும் கடினம். ஆனால் தலைமயிரைவிட மெல்லியது. அழுத்தினால் படுத்துவிடும், மறுபடி எழாது. அதனால் யார் மேஜைப் பக்கம் வந்தாலும் ஒரே மூச்சில் மூன்று பாஷையிலும் சொல்வார்: "முட்டபேடி, தொடாதீங்க, ஹாத் மத் லகாவோ."

எனக்கு வேறு ஆசை இருந்தது. கனிமத்தைச் சூடாக்கி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத் தண்ணீரை அளப்பது என் வேலை. ஒரு சிட்டிகை இழை கேட்டேன்.

"சூடு பண்ணினா தண்ணி எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். கல்லு இருக்காதே, சந்தானம்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் தச்சரிடமிருந்து கண்ணாடிப் பெட்டி வந்தது. சனிக்கிழமை மாலை, இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமென்று அவர் அறை வாசல்வரை போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு மேஜைமேல் குனிந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. என் செருப்புச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், தோள் அசைந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கல் கண்ணாடிக்குள் இருந்தது. நடு உருண்டையில் ஒரு பள்ளம்.

"யார் சார் அமுக்கினது?" என்று நஞ்சப்பா கேட்டார்.

"யாரோ கை வெச்சிட்டாங்க. விடுப்பா," என்று சொல்லி வரதராஜன் என்னைப் பார்த்தார். உடனே தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை நான் எடுத்துக்கொண்டது இப்படி: கேட்டவன் நான், மறுக்கப்பட்டவன் நான், சனிக்கிழமை மாலை அங்கே நடமாடியவனும் நான். ஆகையால் என்னைச் சந்தேகிக்கிறார். "நான் தொடவில்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கேட்காததற்குப் பதில் சொன்னால் சந்தேகம் உறுதியாகிவிடுமே என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒக்கலிபுரம் போய் அவரோடு காபி குடிக்கும் வழக்கம் மெல்ல நின்றது. ஓய்வுக்குப் பிறகு கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். என் மகன் கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடாமல் போய்விட்டார். போன வருஷம் போனில் கூப்பிட்டு, "ஒரு விஷயம் பேசணும், ஒருநாள் வாங்களேன்," என்றார். முழங்கால் வலி என்றேன். முழங்கால் வலி உண்டுதான். ஆனால் போகாததற்கு அது காரணமில்லை.

மேலேயுள்ள வரிசையை இந்த நினைப்போடுதான் எழுதினேன். பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கமலா அம்மாள் என்னை உட்கார வைத்தார்.

"உங்கள எதிர்பாத்துக்கிட்டே இருந்தாருண்ணா," என்றார். "நீங்க வந்தா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"எதைம்மா?"

"அந்தக் கல்ல அமுக்கினத. பொட்டிக்கு மாத்தறப்போ இவரு வெரலு தானா போயிடுச்சாம். பழக்கதோஷம். நீங்க வாசல்ல நின்னு பாத்துட்டீங்களாம். ஊருக்கெல்லாம் தொடாதேன்னு சொல்லிட்டு, தானே தொட்டுட்டமேன்னு வெக்கம். யாரோன்னு சொல்லிட்டாரு. 'சந்தானத்துக்குத் தெரியும். பெரிய மனுஷன், ஒரு வார்த்த காட்டிக் குடுக்கல. ஆனா அதுக்கப்புறம் வீட்டுக்கு வரத நிறுத்திட்டாரு'ம்பாரு."

"நான் பாக்கலம்மா," என்றேன். "அவரு முதுகத்தான் பாத்தேன்."

"ஐயோ. அப்போ நீங்க எதுக்குண்ணா வரல?" என்று கேட்டார்.

அவரே உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டியை எடுத்துவந்து என் முன் வைத்தார். "உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு. அமுங்கின உருண்டையிலேர்ந்து எடுத்துச் சூடு பண்ணிப் பாக்கட்டும், அது எப்படியும் கெட்டுப் போனதுதானேன்னாரு."

கண்ணாடிக்கு வெளியே, பள்ளத்துக்கு நேராக என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். பள்ளம் என் விரலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம். அலுவலகத்தில் அப்படிப்பட்ட விரல் ஒன்றுதான் இருந்தது. எதையும் அளக்காமல் எழுதக் கூடாது என்று சம்பளம் வாங்கியவன் நான். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அதை அளந்து பார்க்கவில்லை.

கல் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில், ஜன்னலிலிருந்து தள்ளி, என் மேஜையில் இருக்கிறது. பள்ளம் என்னைப் பார்த்தபடி வைத்திருக்கிறேன். சூடாக்க என்னிடம் உலையும் இல்லை, தராசும் இல்லை. இருந்தாலும் செய்ய மாட்டேன். போன வாரம் மருமகள் தூசி தட்ட வந்து, "இது என்ன மாமா, பஞ்சா?" என்று பெட்டியின் மூடியைத் திறந்தாள். "முட்டபேடி, தொடாதீங்க, ஹாத் மத் லகாவோ," என்று என் வாயிலிருந்து வந்தது. அவள் சிரித்துவிட்டாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கல்லும் அந்த மூன்று வார்த்தையும்தான்.

வரிசையில் நான்காவதாக எழுதியிருப்பது தவறு. வரதராஜன் என்னைச் சந்தேகிக்கவில்லை. அதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதித் தந்திருக்கலாம். ஆனால் அவர் பேச வேண்டும் என்று கூப்பிட்ட அன்றும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.