தரிப்பிடத்தில் நின்ற பிள்ளை

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஓடினால் வரும் அந்தச் சின்ன ஊரின் வாசலில் ஒரு பெரிய மீன் சிலை நிற்கிறது. நீலமும் வெள்ளியுமாகப் பூசியிருக்கிறார்கள். அங்கே போகிற எல்லோரும் அதன் வாயருகில் நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். படத்தில் என் மகள் மஞ்சள் ரீசேட்டோடு முன்வரிசையில் குந்தியிருக்கிறாள், கண்ணில் வெயில் அடித்ததால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு. போன கோடையில் எடுத்த படம். அன்று பின்னேரம் முன்பின் தெரியாத மனிதர்களுக்கு அவளை அடையாளம் காட்ட நான் நீட்டியதும் இந்தப் படத்தைத்தான்.

கோடையில் நாங்கள் தனியாக எங்கும் போவதில்லை. நான்கு குடும்பங்கள், நான்கு வான்கள். என் கணவரின் நண்பர் ஒருவர்தான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை, அவர் மனைவி அக்கா. விடியவே ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் அவர்கள் வீட்டு வாசலில் கூடுவோம். பிரியாணி அலுமினியத் தட்டுகளில் மூடிக் கட்டப்பட்டிருக்கும். ரோல்ஸ், கட்லட், தேத்தண்ணீர்ப் போத்தல்கள், பாய்கள், குடைகள் எல்லாம் ஏறும். கடைசியாகப் பிள்ளைகள் ஏறுவார்கள், தங்கள் விருப்பப்படி. எந்தப் பிள்ளை எந்த வானில் என்று யாரும் கேட்பதில்லை. மற்றவர் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஒவ்வொருவரும் ரோல்ஸ் எடுத்துக் கொடுக்கிறோம், சத்தி எடுத்தால் துடைத்துவிடுகிறோம். 'என் பிள்ளை உங்களோடுதானே' என்று போன் எடுத்துக் கேட்டால் அவர்களை நம்பாதது போலாகிவிடும். எத்தனையோ வருடம் இப்படித்தான் போய் வந்திருக்கிறோம்.

அந்த ஊரில் பார்க்க நான்கு இடங்கள் உண்டு என்று அண்ணை சொல்லியிருந்தார். மீன் சிலை, பழைய வெளிச்சவீடு, நீர்வீழ்ச்சி, பிறகு ஏரிக்கரை. நீர்வீழ்ச்சிக்கு முன்கூட்டியே நேரம் பதிந்துகொண்டுதான் போகலாம். நேரம் முடிந்ததும் வாகனத்தை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்துக்கு அடுத்த ஆட்கள் வந்து காத்திருப்பார்கள்.

மரப்படிகளில் இறங்கிக் கீழே போனோம். மழை குறைந்த வருடம். பாறையில் தண்ணீர் நூலாக வழிந்தது.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றார் அண்ணை. "எங்கட வீட்டுக் குழாய் வெடிச்ச அண்டைக்கு இதைவிடக் கனக்கத் தண்ணி வந்தது."

"அதுக்கும் நேரம் பதிஞ்சு ஆக்களைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றா அக்கா.

எல்லோரும் சிரித்தோம். மேலே ஏறி வரும்போது பெரியவர்களுக்கு மூச்சு வாங்கியது. சிலர் கழிப்பறைக்குப் போனார்கள், சிலர் தண்ணீர் குடித்தார்கள். நேரம் முடிந்துவிட்டது. எங்கள் வான்களுக்குப் பின்னால் இரண்டு கார்கள் சமிக்ஞை போட்டுக்கொண்டு நின்றன.

"கெதியா ஏறுங்கோ. அந்தச் சனம் பாவம், பாத்துக்கொண்டு நிக்குது" என்று அண்ணை கையைக் காட்டினார்.

நான் ஏறிக்கொண்டே கணவரிடம் கேட்டேன். "பிள்ளை எங்கையப்பா?"

"அண்ணையாக்களோட இருப்பா. வரேக்கையும் அங்கதானே இருந்தவ."

அது உண்மைதான். காலையிலிருந்து அவள் அந்த வானில்தான் இருந்தாள், அவர்களுடைய ஐந்து வயதுக் கடைக்குட்டிக்குப் பக்கத்தில். நானும் கதவைச் சாத்தினேன்.

ஏரிக்கரை அங்கிருந்து அரை மணி நேரத்துக்கும் குறைவான தூரம். வெள்ளை மணல், நல்ல சனம், மரநிழல். உயிர்காப்பாளர் இல்லை என்று ஒரு பலகை நின்றது. அதைப் பார்த்தேன், எல்லாக் கரையிலும் இருக்கிற பலகை என்று நினைத்துக்கொண்டேன். வான்கள் வெவ்வேறு இடங்களில் நிறுத்தப்பட்டன. பிள்ளைகள் வந்த வேகத்தில் தண்ணீருக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் பாயை விரித்து, தட்டுகளைத் திறந்து, யார் யாருக்கு உறைப்பு வேண்டாம் என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

என் மகளுக்குக் கோழித் துண்டில் தோல் இருக்கக்கூடாது. முட்டை இரண்டாக வெட்டியிருக்க வேண்டும். அப்படி ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போய்க் கூப்பிட்டேன். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கும் மஞ்சள் நிறம் இல்லை. இன்னும் கொஞ்சம் போய்க் கூப்பிட்டேன். அங்கே நின்ற எங்கள் கூட்டத்துப் பிள்ளை ஒருவனைக் கேட்டேன்.

"ஐ டோண்ட் நோ, அன்ரி. அவ இஞ்ச வந்தவவா?"

அந்தக் கேள்வியை நான் அப்போது சரியாகக் கேட்டிருக்க வேண்டும். என் காதில் விழுந்தது 'தெரியாது' மட்டும்தான்.

பாய்க்கு வந்து சொன்னபோது அக்கா எழும்பினா. "பயப்படாதை. இப்பதானே உதில நிண்டவ. நான் கண்டனான்" என்று தண்ணீரோரத்தைக் காட்டினா.

அவ காட்டிய இடத்தில் அலைதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கணவர் சப்பாத்தோடு இறங்கினார். என்னைப் போல அவருக்கும் நீந்தத் தெரியாது. முங்குவார், எழும்புவார், முகத்தை வழித்துவிட்டு மறுபடி முங்குவார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று மகளின் பெயரைக் கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் கையெல்லாம் பச்சை குத்திய ஒரு பெரிய மனிதர் ஓடிவந்து, என்ன நிற உடுப்பு, எங்கே கடைசியாகக் கண்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் போனில் இருந்த மீன் சிலைப் படத்தை நீட்டினேன். அக்கா அதே இடத்தைக் காட்டி, இப்போதுதான் கண்டதாக அவரிடமும் சொன்னா. அவர் திரும்பிக் கரை முழுவதற்கும் கேட்கும்படி ஏதோ குரல் கொடுத்தார்.

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மனிதர்கள் துவாய்களைப் போட்டுவிட்டு வந்தார்கள். கிழவர்கள், பெடியன்கள், நீச்சலுடையில் பெண்கள், ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். கரையிலிருந்து கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து வரிசையாக நின்றார்கள். பிறகு அந்த வரிசை பக்கவாட்டில் மெதுவாக நகரத் தொடங்கியது. ஒவ்வொரு அடியிலும் காலால் அடிமணலைத் தடவிப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிய நேரம் எடுத்தது.   என் கையில் அந்தச் சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

அண்ணையின் கடைக்குட்டி பாயில் தனியாக இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க ஒருவரும் இல்லையே என்று நான்தான் பக்கத்தில் போய் விழுந்தேன் போலிருக்கிறது.

"அன்ரி, ஏன் அழுறீங்கள்?"

"அக்காவைக் காணேல்லையம்மா" என்றேன். என் மகளை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா எங்கட வானுக்குள்ள வரேல்லை. நான் அவவின்ர சீற்றில கால் நீட்டிக்கொண்டு வந்தனான்."

அவளுடைய தாய் என் பின்னால் நின்றா. "இல்லையடி, அம்மா கண்டனான்" என்றா.

"எங்கை கண்டனீங்கள் அக்கா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவ தண்ணீரோரத்தை மறுபடி பார்த்தா. "கண்ட மாதிரி இருந்தது" என்றா பிறகு.

எனக்கு அவ மேல் கோபம் இல்லை. விமானம் பிந்தினாலும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் ஆறுதல் சொல்வார்கள். ஒன்றுமில்லை, இப்பதான் கதைச்சனான், இப்பதான் கண்டனான். அவ சொன்னது பொய் என்று அவவுக்கே தெரிந்திராது.

நீர்வீழ்ச்சிக்குத் திரும்பிப் போகும்போது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தண்ணீர் போய் மனதில் பாறை விளிம்பு வந்துவிட்டது, அந்த மரப்படிகளின் ஆடும் கைப்பிடி வந்துவிட்டது. கணவரின் உடுப்பிலிருந்து தண்ணீர் சீற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீர் ஒண்டும் கதைக்காதையும்" என்றார். 

வாசலில் நின்ற பெடியன் பதிவைக் கேட்டான். கணவர் 'மகள்' என்ற ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அவன் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினான்.

நிரம்பிய வாகனத் தரிப்பிடத்தில் ஒரேயொரு வெற்றிடம், எங்கள் வான்களில் ஒன்று நின்ற இடம். அதன் நடுவில் என் மகள் நின்றாள். பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் போக்குவரத்துக் கூம்பு.

"ஏன் இவ்வளவு லேட்?" என்றாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. "வாஷ்ரூமில லைன். வெளிய வந்தா ஒருத்தரும் இல்லை. தொலைஞ்சா நிண்ட இடத்திலயே நில் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஒரு கார் வந்து ஹோர்ன் அடிச்சுது. நான் மூவ் பண்ணேல்லை. பிறகு வாசலில நிக்கிற அண்ணா கோன் கொண்டுவந்து வச்சவர். அப்பா வருவார் எண்டு சொன்னனான்."

அவளைக் கட்டிப்பிடித்தபோது அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். என் சல்வார் இடுப்பு வரை நனைந்திருந்தது. தகப்பனைப் பார்த்தாள். அவர் தலையிலிருந்து இன்னும் சொட்டியது.

"என்னை விட்டிட்டு ஸ்விம் பண்ணினீங்களா?"

கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வானின் கதவைத் திறந்தார். அதன்பிறகுதான் அவள் அழுதாள்.

அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னோம். ஆனாலும் ஏரிக்கரைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. வரிசை கலைந்திருந்தது, ஆட்கள் கலையவில்லை. அவளைக் கண்ணால் பார்க்காமல் போக மனமில்லாதவர்கள் போல ஈரத்தோடு நின்றார்கள். பச்சை குத்தியவர் அவளைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஜீன்ஸ் போட்ட பெண் வந்து என் கையைப் பிடித்தா. அவவின் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. நன்றி என்பதை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது.

"அவையை உங்களுக்குத் தெரியுமா?" என்று மகள் என் காதுக்குள் கேட்டாள். "ஏன் எல்லாரும் வெட்?"

"ஏரிக்கு வந்தா நனையிறதுதானே" என்றேன்.

அந்தப் பதில் அவளிடம் ஒட்டிக்கொண்டது. வீடு வந்த பிறகு அது அவளுடைய பகிடியாகிவிட்டது. பிறந்தநாள் வீடுகளில், நத்தார் விடுமுறையில், யார் வந்தாலும் சொல்வாள். "அம்மாவும் அப்பாவும் என்னை ஃபார்கெட் பண்ணிட்டு ஸ்விமிங் போனவை." எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணையும் சிரிப்பார். அக்கா மட்டும் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பா. கணவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

இருக்கட்டும் என்று நினைத்தேன். மறந்துபோனார்கள் என்ற நினைப்போடு ஒரு பிள்ளை வளரலாம். எத்தனையோ பேர் வளர்ந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத மனிதர்கள் காலால் மணலைத் தடவித் தன்னைத் தேடினார்கள் என்று பதினொரு வயதில் ஏன் தெரிய வேண்டும்? ஆனால் அவள் பகிடி சொல்லும்போது எல்லோருடைய முகத்தையும் பார்ப்பாள். கடைசியாக என்னைப் பார்ப்பாள், கொஞ்சம் அதிகமாக. அது பகிடியில்லை.

இந்தக் குளிர்காலம் அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். மற்றத் தாய்மார் வாங்குகளில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். நான் குளத்தின் ஓரத்தில் நிற்பேன். அவள் தலை தண்ணீருக்குள் போகும்போது என் மூச்சு நின்றுவிடுகிறது, வெளியே வரும்வரை. போன கிழமை அவள் நீந்திவந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஏன் எப்பவும் நிக்கிறீங்கள்? போய் இருங்கோம்மா. எம்பரசிங்."

அண்ணை இந்தக் கோடைக்கும் அதே ஊரைத்தான் சொல்கிறார் என்று அன்று காலைதான் கேள்விப்பட்டிருந்தேன். அவளும் கேள்விப்பட்டிருந்தாள். போகலாம், இந்த முறை தானும் நீந்தலாம் என்று துள்ளியிருந்தாள்.

நான் ஈரத் தரையில் குந்தினேன். "அண்டைக்கு நாங்கள் நீந்தேல்லை" என்றேன்.

"என்ன?"

"ஏரியில. உன்னைத் தேடினனாங்கள்."

அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "தண்ணிக்குள்ளயா?"

"ஓம்."

"நான் அங்க இல்லையே."

"அது எங்களுக்குத் தெரியாது."

"அந்த ஆக்கள் எல்லாரும்?"

"எல்லாரும்தான்."

கண்ணாடியின் இறப்பரை இழுத்து விட்டாள், இழுத்து விட்டாள். ஆசிரியை அவளைக் கூப்பிட்டா. அவள் குளத்தின் நடுப்பக்கம் பார்த்தாள், மற்றப் பிள்ளைகள் அங்கே பந்துக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீந்தத் தொடங்கினாள். நடுவுக்குப் போகவில்லை. நான் குந்தியிருந்த ஓரத்தோடேயே, தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்தபடி, எனக்குத் தெரியும்படி மெதுவாகப் போனாள்.

போய் விளையாடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் தலை எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.