குருதிக்குழாயின் உட்புறம்

கரும்பலகையில் நான் எழுதிய சொல்லின் நடுப்பகுதி எனக்கே தெரியவில்லை. கண்ணுக்குள் வெள்ளிப் பொட்டுகள் பறந்தன. வெயில் என்று நினைத்தேன். அனலைதீவில் ஆசிரியையாக இருந்தேன். முப்பத்தாறு வயதில் தங்கிய முதற்பிள்ளை. கர்ப்பத்தின் இருபத்தெட்டாவது கிழமை (வாரம்).

மூன்று நாளாகத் தலையிடி. கடல் கொந்தளித்ததால் ஊர்காவற்றுறைக் கிளினிக்குக்குப் போகாமல் விட்டிருந்தேன். அன்று மருத்துவமாது (கர்ப்பிணிகளை வீட்டுக்கு வந்து பார்ப்பவர்) பிறசரை (இரத்த அழுத்தத்தை) இரண்டுதரம் அளந்தார்.

“ஏன் அக்கா முதலே சொல்லேல்ல? இப்பவே வள்ளம் பிடிக்கவேணும்.”

வள்ளத்தில் வாந்தி எடுத்தபடி கிடந்தேன். என் கணவர் சிவநேசன் கரை வரும்வரை என் முகத்தில் வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் வைத்திய அம்மா சொன்ன பெயர் முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் பிறசர் ஏறி, வலிப்பு வரை கொண்டுபோகும் நோய்).

“குருதிக்குழாய் வெறும் குழாய் இல்லை. உள்ளுக்கு மெல்லிசா ஒரு படை கலங்கள் இருக்கு, செல் எண்டு சொல்லுறது. குழாயை விரிக்கவும் சுருக்கவும் ஹோர்மோன் மாதிரியான பொருள்களை அதுகளே சுரக்கும். நஞ்சுக்கொடியில இருந்து வந்த பொருள்கள் அந்தக் கலங்களைக் கெடுத்திட்டுது. இப்ப சுருக்கிறதுதான் கூட.”

“மருந்தில்லையோ?”

“பிறசரை இறக்கலாம். வருத்தத்தை நிப்பாட்ட ஏலாது. பிள்ளையை எடுக்கவேணும்.”

பெண்பிள்ளை. என்னைச் சக்கர நாற்காலியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோய் ஒருதரம் காட்டினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிவநேசன், “உம்மட நீட்டு விரல்தான் அவளுக்கு,” என்றார்.

நான்கு நாள் இருந்தாள்.

“மூண்டு நாள் முந்தி வந்திருந்தா?” என்று வைத்திய அம்மாவிடம் கேட்டேன்.

“சொல்ல ஏலாது,” என்றார் அவர். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாததற்கு இன்றும் அவரை மதிக்கிறேன். இதை வாசிக்கும் கர்ப்பிணிகளே, கண்ணில் பொட்டுப் பறந்தால் கடல் அடங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பலருக்குப் பேற்றுக்குப் பின் சில கிழமைகளில் பிறசர் இறங்கிவிடும். எனக்கு எட்டு மாதமாகியும் இறங்கவில்லை. முன்பு உடம்பு என்றால் எனக்குக் கையும் காலும் முகமும்தான். இப்போது நான் காணாத ஒரு மெல்லிய படை, என்னைக் கேட்காமலே உள்ளே எதையோ சுரந்துகொண்டிருப்பதை எந்நேரமும் உணர்கிறேன்.

போன கிழமை கிளினிக்கில் புதிய தாதி ஒருவர் என் கையில் பிறசர் அளக்கும் பட்டியைச் சுற்றியபடி, “எத்தினை பிள்ளையள்?” என்று கேட்டார்.

“ஒண்டு.”

பட்டி இறுகியது. “இனிக் கதைக்காதேங்கோ, அளவு பிழைக்கும்,” என்றார்.

அது தளரும்வரை எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. நான் கதைக்கவில்லை.