முக்கால் லிட்டர் போத்தல்

எங்கள் கடைக்கு எதிரே பெரிய மலிவு விலைக் கடை ஒன்று திறந்த கிழமையே, பாலும் பாணும் வாங்க வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் தெருவைக் கடந்து அங்கே போய்விட்டார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஒஸ்லோவில் தொர்ஷோவ் பக்கம் ஒரு தெருமூலையில் இருந்த சின்னக் கடை. நானும் கணவரும் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் எடுத்தது. அவர் ட்ராம் ஓட்டப் போனார். கடையில் நான் நின்றேன்.

"பூட்டிப்போட்டு முதியோர் இல்லத்தில ஒரு வேலை எடும். சம்பளம் நேரத்துக்கு வரும்," என்றார் அவர்.

அதில் பிழை இல்லை. ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. "பூட்டமாட்டன். அவங்களிட்டை இல்லாத சாமான் ஏதாவது இருக்கும். அதை நான் கொண்டு வாறன்," என்றேன்.

அந்தச் சாமான் பியராக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு முற்பகல், தாடிக்காரர் ஒருவர் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முன்பு தச்சுவேலை செய்தவராம். இப்போது ஆற்றங்கரையில் பழைய தொழிற்சாலை ஒன்றின் பின்முற்றத்தில் தானே பியர் காய்ச்சுகிறாராம். பெரிய கடைகள் எடுக்கவில்லை என்றார். "நீ வைத்துப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான்.

போத்தலைக் கையில் எடுத்தேன். முக்கால் லிட்டர். தடித்த கண்ணாடி, வைன் போத்தலைப் போலக் கனம். அரச மதுக்கடையில் மட்டும் விற்கக்கூடிய கடும் பியர் அல்ல, எங்களைப் போன்ற கடைகளுக்கு அனுமதித்த மதுச் செறிவுக்குள் இருந்தது. ஒரு பெட்டி வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கினேன்.

வருபவர்கள் போத்தலைத் தூக்குவார்கள், திருப்புவார்கள், லேபலை வாசிப்பார்கள். பிறகு விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். எண்பது குரோனருக்குக் கொஞ்சம் குறைவு. கிழமைக்கணக்கில் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "லிட்டர் விலையைப் பாருங்கள், இந்தத் தரத்துக்கு அதிகமில்லை," என்று சொல்லியும் பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள், வேலை முடிந்து வந்த ஒரு தாதிப் பெண்ணிடமும் அதையே சொன்னேன். அவள் சிரித்தாள்.

"கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் நான் தனியாக இருக்கிறேன். திறந்தால் முழுவதையும் நானே குடிக்க வேண்டும். நாளைக்கு வைத்தால் காற்றுப் போய்விடும். பிடிக்காவிட்டால் எல்லாம் வீண்."

எனக்குச் சுருக்கென்றது. நான் அரிசி மூட்டை வாங்குகிறவள். பெரிதாக வாங்கினால் மலிவு என்பதுதான் என் கணக்கு. அரிசி நாளைக்கும் அரிசியாகவே இருக்கும், பியர் அப்படி இருக்குமா?

அன்று பின்னேரம் ஒரு போத்தலை எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுவரை நான் பியர் குடித்ததில்லை. தேத்தண்ணிக் கிளாஸ்களில் இருவருக்கும் ஊற்றினேன். முதல் வாய் கசந்தது. இரண்டாவது வாயில் தோடம்பழத் தோலின் வாசம் வந்தது.

"பாகற்காய் மாதிரிக் கிடக்கு," என்று கணவர் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

அரைவாசிக்கு மேல் மிஞ்சிற்று. மறுநாள் குடித்துப் பார்த்தேன். நுரையில்லை, உயிரில்லை. அந்தத் தாதி சொன்னது சரி.

பியர் காய்ச்சுபவரிடம் போய், சின்னப் போத்தலில் அடைத்துத் தரும்படி கேட்டேன். அவர் மறுத்தார்.

"இது மேசையில் வைத்துப் பகிர்ந்து குடிப்பதற்கு. சின்னதில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, ஒரு லேபல். வேலையும் இரண்டு மடங்குக்கு மேல். லிட்டருக்கு இன்னும் கூட விலை போடவேண்டி வரும். இதையே வாங்காதவர்கள் அதையா வாங்குவார்கள்?"

"வாங்குவார்கள். அவர்களுக்கு முக்கால் லிட்டர் தேவையில்லை. வேலை முடிந்து போகும்போது ஒரு கிளாஸ் தேவை."

அவர் நம்பவில்லை. நான் மறுபடியும் போனேன். மறுபடியும் இல்லை என்றார். மூன்றாம் முறை, "அடைக்கும் வேலைக்கு நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும்," என்றேன். அவர் வேறு வழியில்லாமல் சிரித்துச் சம்மதித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய றப்பர் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நின்றேன். தனியாக விட மனமில்லாமல் கணவரும் வந்தார். பியர் காய்ச்சுபவர் குழாயைப் பிடித்து நிரப்ப, நான் துடைத்து லேபல் ஒட்ட, கணவர் கைப்பிடியை அழுத்தி மூடி போட்டார்.

"கோயிலுக்குப் போற நாளில பியருக்கு மூடி போடுறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றார் அவர்.

"என்ன சொல்கிறார்?" என்று தாடிக்காரர் கேட்டார்.

"மூடி நன்றாக இறுகுகிறது என்கிறார்."

வெளிறியது ஒன்று, கறுப்பு ஒன்று என்று இரண்டு வகை அடைத்தோம். ஒவ்வொன்றும் ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. விலை நாற்பதுக்குள். தாதிப் பெண் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்தாள். அடுத்த முறை மூன்று எடுத்தாள், கூட வேலை செய்யும் ஒருத்தியையும் கூட்டி வந்தாள். மதுவுக்கு விளம்பரம் செய்யவோ விலைக்கழிவு கொடுக்கவோ சட்டத்தில் இடமில்லை. வாய்வழியாகத்தான் செய்தி போயிற்று. சட்டப்படி பியர் விற்பனை நிறுத்தும் இரவு எட்டு மணிக்கு முன்னர் ஆட்கள் அவசரமாக வருவார்கள். பெரிய போத்தலின் விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தவர்களே சின்னதில் மூன்று நான்கு எடுத்து, அதைவிடக் கூடக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடவே பாணும் சீஸும் எடுத்தார்கள்.

எல்லிங்ஸ்ருட் போகும் ரயிலில், தெரிந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து இருந்தாள். குரலைத் தணித்து, "அக்கா, நீங்கள் இப்ப பியர் விக்கிறீங்களாம்? சனம் கதைக்குது," என்றாள்.

"ஓம். நல்ல பியர்," என்றேன். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

அதன்பின் பியர் காய்ச்சுபவர் மறுபக்கம் சாய்ந்தார். பெரிய போத்தலையே நிறுத்தப் போவதாகச் சொன்னார். நானும் சரி என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமைகளில் ஒரு முதிய தம்பதி வருவார்கள். பெரிய போத்தலைத் தவறாமல் வாங்கியவர்கள் அவர்கள் மட்டும்தான். பெரியதை நான் எடுக்காமல் விட்ட முதல் சனிக்கிழமை, தட்டில் அது இல்லாததைக் கண்டு கிழவர் நின்றுவிட்டார். இரண்டு சின்னதை எடுத்துக் காட்டினேன்.

"அது ஆளுக்கொன்று," என்றார் அவர். "நாங்கள் ஒன்றைத் திறந்து இரண்டு பேரும் குடிக்கிறோம்."

மனைவி அவர் கையைப் பிடித்து, "பரவாயில்லை, வா," என்றாள். ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போனேன். "பெரியதை நிறுத்தாதே," என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீதானே சின்னது வேண்டுமென்று என்னைப் படுத்தினாய்!"

"அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். வாங்குகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை."

அரைமனதோடு சம்மதித்தார். மார்கழியில் கிறிஸ்மஸ் விருந்துகள் தொடங்க, எனக்கே புதினமாக இருந்தது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் தனியாளுக்கு விலை கூடினதாகத் தெரிந்த பெரிய போத்தலை, விருந்துக்குப் போகிறவர்கள் விலையைப் பாராமல் எடுத்தார்கள். இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது கையில் சின்னப் போத்தலோடு நிற்க யாருக்குத்தான் மனம் வரும்? முதிய தம்பதியும் திரும்பி வந்தார்கள். கிழவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

சில ஆண்டுகளில் எதிர்க் கடையும் விழித்துக்கொண்டது. பியர் காய்ச்சுபவர் தயங்கியபடி வந்தார். அவர்கள் சின்னப் போத்தல் கேட்கிறார்கள், கொடுக்கட்டுமா என்றார். முகத்தில் குற்ற உணர்வு தெரிந்தது.

"கொடு. நீயும் வாழ வேண்டும்," என்றேன். அவர்கள் என்னைவிட மலிவாக விற்பார்கள் என்று எனக்குத் தெரியும். விற்றார்கள். சின்னதை வாங்கியவர்களில் ஒரு பகுதி அங்கே போயிற்று. பெரிய போத்தலை எதிர்க் கடை எடுக்கவில்லை.

கணவர் அன்றிரவு சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்தார். முதியோர் இல்லத்தைப் பற்றிக் கதைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இனி என்ன செய்யப் போறீர்?" என்று மட்டும் கேட்டார்.

"மலைப்பக்கம் ஒரு பொம்பிளை புதுசாக் காய்ச்சத் தொடங்கியிருக்கிறாவாம். ஞாயிற்றுக்கிழமை போறம்."

"போறமோ?"

"ஓம். மூடி போட ஆள் வேணுமெல்லோ."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் ஏறினோம். அந்தப் பெண் கதவைத் திறந்ததும், பியரைப் பற்றிக் கேட்க முன்னர், எந்த எந்த அளவுப் போத்தல்களில் அடைக்கிறாய் என்றுதான் கேட்டேன்.